கேட்டுக்கு வெளியே அம்மா, உள்ளே அப்பா

எங்கள் வீட்டில் நாலைந்து வருஷம் இப்படித்தான் விடிந்தது. அம்மா சோறு வடித்து, காரக்குழம்பு வைத்து, ஒரு துண்டு வறுத்த மீனும் சேர்த்து அப்பாவின் டிபன் கேரியரை அடுக்கிக் கொடுப்பாள். அப்பா அதை சைக்கிளில் மாட்டிக்கொண்டு அனல்மின் நிலையத்தின் கேட்டுக்குள் போவார். கொஞ்ச நேரம் கழித்து அம்மா தலையை வாரி, பச்சைப் புடவை கட்டி, அதே சாலையில் நடந்து போய் அதே கேட்டுக்கு எதிரே இருந்த பந்தலில் உட்காருவாள். அவள் தலைக்கு மேலே 'நிலக்கரி மின்நிலையத்தை மூடு' என்று பேனர் தொங்கும்.

ஷிப்ட் முடிந்து வெளியே வரும் அப்பா, பந்தல் என்று ஒன்று அங்கே இல்லாத மாதிரி சைக்கிளைத் திருப்புவார். அம்மாவும் அவர் முகத்தைப் பார்க்க மாட்டாள். ஆனால் கேரியரைப் பார்ப்பாள். பக்கத்தில் இருக்கும் அனீஸாவிடம், "கேரியர் லேசா ஆடுது பாரு. இன்னிக்கு முழுசா சாப்பிட்டிருக்காரு" என்பாள்.

அம்மாவின் பெயர் அம்சம். அப்பா சாமிதுரை. ஊர் தாழம்பள்ளம். திருத்துறைப்பூண்டியிலிருந்து கடலைப் பார்த்து வரும் சாலையில், வயல் முடிந்து உப்புத்தரை தொடங்குகிற இடம். காவிரித் தண்ணீர் மன்னார்குடிப் பக்கமெல்லாம் நிறைந்து வழிந்த பிறகு, மிச்சம் மீதி இருந்தால்தான் எங்கள் வாய்க்காலுக்கு வரும். வராத வருஷங்களே அதிகம். தாத்தா பண்ணையாளாக இருந்தவர். அப்பா கூலிக்கு நாற்றுப் பறித்தவர். அம்மா பதினாறு வயதிலிருந்து நடவுக்குப் போனவள். பிறகு அவளே இருபது பெண்களைச் சேர்த்துக்கொண்டு, எந்த ஊரில் நடவு என்றாலும் கூட்டிப்போகிற தலைவியாக ஆனாள். சுற்றுவட்டாரத்தில் பத்துப் பன்னிரண்டு ஊர்ப் பெண்களுக்கு அவளைத் தெரியும். பின்னால் இது எப்படி உதவும் என்று அப்போது யார் நினைத்தார்கள்?

மின்நிலையம் வந்தபோது நான் சின்னப் பிள்ளை. அம்மா அதற்கு எதிரி இல்லை. திறப்பு விழாவுக்குக் கல்யாணப் புடவை கட்டிக்கொண்டு போனவள் அவள். அப்பாவுக்கு அங்கே காண்ட்ராக்ட் வேலை கிடைத்தது. துறைமுகத்திலிருந்து கரி ஏறி வரும் பெல்ட்டுக்குக் கீழே நின்று, சிந்துகிற கரியை அள்ளி மேலே போடுகிற வேலை. மாதா மாதம் சம்பளம். மேட்டூரில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று ரேடியோவில் கேட்டு நெஞ்சு படபடக்க வேண்டாத முதல் வருஷம் அது. அந்தச் சம்பளத்தில்தான் எங்கள் கூரை ஓடாக மாறியது. அதில்தான் அம்மா ஒன்றரை ஏக்கர் குத்தகைக்குப் பிடித்தாள். முதல்முறையாகத் தனக்கென்று நட்டாள்.

"அந்தக் குழாய்ல புகை வந்தாத்தான் நம்ம அடுப்புல புகை வரும்" என்று அப்பா சொல்வார். அம்மா சிரிப்பாள். எங்கள் தெருவே அந்த உயரமான சிமெண்ட் புகைபோக்கியைக் குழாய் என்றுதான் சொல்லும்.

சாம்பல் மெதுவாகத்தான் வந்தது. கொடியில் காயும் துணியில் முதலில். பிறகு மோரில், குடத்துத் தண்ணீரில், மாட்டின் முதுகில். குழந்தைகளுக்கு இருமல். "காத்து மாறினா சரியாயிடும்" என்று எல்லோரும் சொல்லிக்கொண்டார்கள். வாடைக்காற்று மேற்கத்திக் கச்சான் ஆனது. கச்சான் வாடையானது. இருமல் போகவில்லை.

நான் எட்டாவது படித்த வருஷம், ஐப்பசி மழையில், கம்பெனி சாம்பலைக் கரைத்துத் தேக்கி வைத்திருந்த குளத்தின் கரை உடைந்தது. காலையில் அம்மா வயலுக்குப் போனாள். நட்ட சம்பா பச்சை பிடித்து நிமிர்ந்திருந்த நேரம். வாய்க்கால் வழியாக வந்து ஏறிய சாம்பல் சேறு, வயல் முழுக்க சாம்பல் நிறத்தில் தட்டையாகப் படிந்து கிடந்தது. பயிரின் நுனிகூட வெளியே தெரியவில்லை. நானும் பின்னால் போயிருந்தேன். அம்மா வரப்பில் நின்று பார்த்தாள். பிறகு இறங்கி, இரண்டு கையாலும் சேற்றை விலக்கி, ஒரு நெற்பயிரை வேரோடு வெளியே எடுத்து, தண்ணீரில் அலசிப் பார்த்தாள். மறுபடியும் அதை ஊன்றினாள். அடுத்ததை எடுத்தாள். கொஞ்ச நேரத்தில் நடவுப் பெண்கள் சிலர் வந்து கையைப் பிடித்து நிறுத்தினார்கள்.

கம்பெனி அலுவலகத்தில் தியாகராசன் என்று ஓர் அதிகாரி. நல்லவர்தான், அப்பா மேல் பிரியமானவர். "மழையில வந்த வண்டல்மா அது. வண்டல் பயிருக்கு நல்லதுதானே?" என்றார்.

அம்மா சேறு காய்ந்த தன் இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். "சார், நான் பதினாறு வயசுலேருந்து வண்டல்ல நிக்கிறவ. இது வண்டல் இல்ல."

அவர் மேஜையில் இருந்த காகிதங்களை அடுக்கத் தொடங்கினார். அம்மா வெளியே வந்தாள்.

அனீஸா பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே தையல் கடை வைத்திருந்தவள். அவளுடைய மகனுக்கு மூச்சிரைப்பு. வாரத்தில் பாதி நாள் அவனைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரியில் இருப்பாள். அவளும் அம்மாவும்தான் முதலில் பேசிக்கொண்டவர்கள். பிறகு நடவுப் பெண்கள் வந்தார்கள். உப்பளத்து ஆட்கள் வந்தார்கள். கம்பெனி விடும் வெந்நீர் கலந்து கழிமுகத்தில் மீன் இல்லாமல்போன மீனவர்கள் வந்தார்கள். சென்னையில் மின் பொறியாளராக இருந்து, வேலையை விட்டு மன்னார்குடியில் தன் பூர்வீக வீட்டுக்குத் திரும்பியிருந்த ஹம்சத்வனி மேடம் வந்தார். அனீஸா தன் கடையில் மிஞ்சிய துணியையெல்லாம் சேர்த்துத் தைத்த பச்சைக் கொடியோடு, கேட்டுக்கு எதிரே பந்தல் எழும்பியது.

அன்றைக்கு அப்பா வீட்டுக்கு வந்ததும் சைக்கிளைச் சுவரில் சாய்த்தார். அது விழுந்தது. தூக்கவில்லை.

"ஊருல எத்தன பேரு இருக்காங்க. பந்தல்ல மொத ஆளா ஒக்கார எம் பொண்டாட்டிதான் கெடச்சாளா?"

"நம்ம வயல் போச்சுங்க."

"வயலு போச்சு. வேலையும் போகணுமா?"

அதற்குப் பிறகு வீட்டில் எல்லாப் பேச்சும் என் வழியாகத்தான் நடந்தது. "செம்மொழி, ஒங்க அப்பாவ சாப்பிட வரச்சொல்லு." "செம்மொழி, ஒங்க அம்மாகிட்ட என் சட்டை எங்கன்னு கேளு." இரண்டு பேரும் ஒரே அறையில், கைக்கெட்டும் தூரத்தில் இருப்பார்கள். என் தம்பி இனியவன் இதைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பான். எனக்கு அப்போது சிரிப்பு வரவில்லை. இப்போது நினைத்தால் வருகிறது.

அப்படிப் போன மாதங்களில் ஒரு நாள், சாப்பிட்டுக் கைகழுவிவிட்டு வந்த அப்பா, என்னை நடுவில் வைக்காமல் நேராக அம்மாவைக் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. அதுதான் அம்மாவை உலுக்கியது.

"மூடு மூடுன்னு கத்துறியே அம்சம். மூடிட்டா நான் எங்க போவேன்? திரும்ப நாத்து பறிக்கவா? எனக்கு முதுகு வளையாது. என்னோட ஐந்நூறு பேரு இருக்கான். அவன் எங்க போவான்? சொல்லு, கேட்டுக்கிறேன்."

அம்மா தட்டை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் போய்விட்டாள்.

மறுநாள் பந்தலில் அதே கேள்வியை அவள் எல்லோர் முன்னாலும் வைத்தாள். பெரிய சண்டை வந்தது. ஒரு மீனவர் எழுந்து, "அவனுங்க சம்பளம் வாங்குறப்ப நம்மள நெனச்சானுங்களா?" என்று கத்தினார். அனீஸாவே, "அக்கா, நீ வீட்டுக்காரரப் பாத்துப் பேசுறே" என்றாள். அம்மா அழுதுவிட்டாள். "ஆமா, அவரப் பாத்துதான் பேசுறேன். வேற யாரப் பாத்துப் பேசச் சொல்ற?"

ஹம்சத்வனி மேடம் அன்று அதிகம் பேசவில்லை. ஒரு வாரம் கழித்து வந்தார். கம்பெனியின் காலி மனை, சாம்பல் மூடி இனி எதுவும் விளையாத நிலம் இவற்றில் சூரிய மின்சாரம் எடுத்தால் எத்தனை பேருக்கு வேலை, ஏற்கெனவே இருக்கிற கம்பியிலேயே கரண்டை அனுப்ப முடியுமா என்றெல்லாம் விசாரித்துவிட்டு வந்திருந்தார். எல்லோருக்கும் வேலை இருக்காது என்பதையும் மறைக்காமல் சொன்னார். மூன்று நாள் பேசினார்கள். முடிவில் பேனர் மாறியது. 'மூடு' போய் 'மாற்று' வந்தது. கீழே இன்னொரு வரி: 'உள்ளே இருப்பவருக்கும் வேலை கொடு.'

அந்த வரியை எடுத்துக்கொண்டு அம்மா தொழிலாளிகள் வீடு வீடாகப் போனாள். சில வீட்டில் கதவைச் சாத்தினார்கள். எங்கள் தெருவிலேயே தங்கம்மாள், மகன் பாய்லரில் வேலை பார்க்கிறவள், வாசல் தெளிக்கிற தண்ணீரை அம்மா காலடியில் ஊற்றினாள். "ஒன் வயல்ல சாம்பல் விழுந்தா, எம் புள்ள வாயில மண்ணப் போடுவியா?" அம்மா நனைந்த கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனாள். சில வீட்டில் டீ கொடுத்தார்கள். அந்த வீட்டுப் பெண்களோடு அவள் மின்நிலையத்தைப் பற்றிப் பேசவே மாட்டாள். பிள்ளை படிப்பு, மாட்டுக்குத் தீவனம், இருமலுக்கு என்ன மருந்து. இருமலில் வந்து நிற்கும்போது மற்றதெல்லாம் தானாக வரும்.

பிறகு கஜா புயல் அடித்தது. ஒரே ராத்திரியில் தென்னை எல்லாம் சாய்ந்து, பந்தல் இருந்த இடத்தில் குழிகள் மட்டும் கிடந்தன. கொடியை ஒரு வேப்பமரத்தின் உச்சியில் பார்த்தோம். மின்கம்பங்கள் வயலில் படுத்துவிட்டன. எங்கள் ஊருக்கு வாரக்கணக்கில் கரண்டு இல்லை. கம்பெனிக்குள் மட்டும் விளக்கு எரிந்தது. நாட்டுக்கே கரண்டு அனுப்புகிற இடத்தைக் கண்ணால் பார்த்துக்கொண்டு, அரிக்கேன் விளக்குக்கு மண்ணெண்ணெய் தேடினோம்.

ஹம்சத்வனி மேடம் ஒரு மினி லாரியில் நான்கைந்து சோலார் தகடும் பாட்டரியும் கொண்டுவந்தார். பள்ளிக்கூட மாடியில் அவற்றை வைத்தார்கள். மறுநாள் பகலிலேயே பள்ளிக்கூட வராந்தா சந்தை மாதிரி ஆயிற்று. செல்போனுக்கு சார்ஜ் ஏற்ற சுற்றி ஐந்தாறு ஊர்கள் வந்தன. வெளிநாட்டில் இருக்கும் மகனிடம் 'உசுரோட இருக்கோம்' என்று சொல்ல வந்தவர்கள், அங்கேயே நின்று அழுதார்கள். அனீஸாவின் மகனுக்கு மூச்சுக்கு மருந்து ஏற்றும் சின்ன மெஷின் அந்த பாட்டரியில்தான் ஓடியது.

அப்பாவும் போனைத் தூக்கிக்கொண்டு வந்தார். சார்ஜ் போட்டுவிட்டு மாடிக்கு ஏறினார். தகட்டைத் தொட்டுப் பார்த்தார். குனிந்து அடியில் ஒயர் எங்கே போகிறது என்று பார்த்தார். கீழே இறங்கி, அம்மா ஊற்றிக் கொடுத்த கஞ்சியை வாங்கிக்கொண்டு, "கரி இல்ல, தண்ணி இல்ல, சத்தமும் இல்ல. எப்படிடி ஓடுது?" என்று அவளையே கேட்டார். அம்மாவுக்கும் தெரியாது. "வெயில்லதாங்க" என்றாள். இரண்டு பேரும் நேராகப் பேசிக்கொண்டார்கள் என்பதை நானும் இனியவனும்தான் கவனித்தோம்.

சாய்ந்த தென்னைகளை வெட்டிக் கால் நட்டுப் பந்தலை மறுபடி போட்டார்கள். அடுத்த வருஷம் கம்பெனி இன்னொரு பாய்லர் கட்ட அனுமதி கேட்டது. அதற்கு மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம். கம்பெனி பஸ்களில் தொழிலாளிகளை ஏற்றி வந்து முன்வரிசை நாற்காலிகளை நிரப்பியது. எல்லோருக்கும் ஒரே நிற டீ ஷர்ட். பஸ்ஸில் ஏறாமல் தன் சைக்கிளில் வந்திருந்தாலும், அப்பாவும் அதே டீ ஷர்ட்டில் அங்கே இருந்தார். அம்மா பேச எழுந்தாள். சாம்பலைப் பற்றிச் சொன்னாள், வேலையைப் பற்றியும் சொன்னாள். பின்னால் இருந்தவர்கள் கைதட்டினார்கள், முன்னால் இருந்தவர்கள் ஊளையிட்டார்கள்.

அப்போது கம்பெனிப் பக்கத்திலிருந்து அப்பாவை மைக்குக்கு அனுப்பினார்கள். அம்சத்தின் புருஷனே கம்பெனி வேண்டும் என்று சொன்னால் எடுபடும் என்று யாரோ கணக்குப் போட்டிருக்க வேண்டும். அப்பா மைக்கைப் பிடித்தார். இரண்டு தரம் இருமினார். மைக்கில் அந்த இருமல் கூட்டம் முழுக்கக் கேட்டது.

"நான் சாமிதுரை. இந்தக் கம்பெனி எனக்குச் சோறு போட்டுச்சு. அத நான் மறக்க மாட்டேன். இப்ப பேசுனாங்களே, அவங்க எங்க வீட்டு அம்மா. அவங்க சாம்பல்னு சொன்னது பொய்யில்ல. நானே உள்ள இருந்து பாக்குறவன்."

அப்பா கம்பெனி அதிகாரிகள் பக்கம் திரும்பினார்.

"கரியிலேருந்து வந்தாலும் வெயில்லேருந்து வந்தாலும் கரண்டு கரண்டுதான். எனக்கு ஒண்ணுதான் தெரியணும். எங்கள யாரு வேலைக்கு வச்சுக்குவீங்க? ஐயா, நீங்களும் சொல்லுங்க. பந்தல்ல இருக்கிறவங்களும் சொல்லுங்க. வாயால சொல்ல வேணாம், எழுதிக் குடுங்க."

யாரும் கைதட்டவில்லை, இரண்டு பக்கமும். அவர் இறங்கி வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தார். வீட்டுக்கு வரும் வழியில் அம்மா அவருடைய சைக்கிளுக்குப் பின்னால் உட்கார்ந்து வந்தாள். கல்யாணமான புதிதில் அப்படிப் போனதாக ஊரில் சொல்வார்கள். நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அந்த வாரமே அப்பாவை பெல்ட்டிலிருந்து எடுத்துச் சாம்பல் குளத்தின் கரைக்குப் போட்டார்கள். தண்டனை என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் பெல்ட்டில் வேலை பார்த்த மற்றவர்களுக்குப் புரிந்தது. ஷிப்ட் முடிந்து வரும்போது ஒருவர், இருவராகப் பந்தலில் நிற்கத் தொடங்கினார்கள். முதலில் தண்ணீர் குடிக்க. பிறகு உட்கார.

அந்த வருஷங்களைப் பற்றி யார் கேட்டாலும் எனக்கு முதலில் ஞாபகம் வருவது கோஷம் இல்லை. எலுமிச்சைச் சோற்றின் வாசனை. பெருநாளைக்கு அனீஸா அண்டாவில் கொண்டுவந்த பிரியாணி. பந்தல் காலில் சாய்ந்துகொண்டு நான் பத்தாவதுக்கும் பன்னிரண்டாவதுக்கும் படித்தேன். கணக்கு வராதபோது ஹம்சத்வனி மேடம் கீழே மணலில் எழுதிக் காட்டுவார். காவலுக்கு வந்த போலீஸ்காரர்கள் வெயில் தாங்காமல் எங்கள் பந்தலிலேயே ஒதுங்குவார்கள். அம்மா அவர்களுக்கும் மோர் கொடுப்பாள். கொரோனா ஊரடங்கில் கூட்டம் கூடக் கூடாது என்றார்கள். அம்மா மட்டும் முகத்தைக் கட்டிக்கொண்டு போய், காலிப் பந்தலைப் பெருக்கிவிட்டு வருவாள்.

புதிய பாய்லருக்கு அனுமதி கிடைக்கவில்லை. ஏன் என்று ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். அதற்குப் பிறகு பழைய பாய்லர்கள் இரண்டும் நஷ்டத்தில் ஓடின. கரி விலை ஏறியது, கரண்டு வாங்க ஆள் குறைந்தது. எங்களால்தான் மூடினார்கள் என்று அம்மா ஒருநாளும் சொன்னதில்லை. "நாம ஒரு பக்கம் தள்ளுனோம். சுவரும் இத்துப் போயிருந்துச்சு" என்பாள். ஆனால் மூடும்போது போட்ட ஒப்பந்தத்தில், வேறொரு நிறுவனம் அந்த நிலத்தில் சோலார் போட வேண்டும், பழைய காண்ட்ராக்ட் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து முதலில் எடுக்க வேண்டும் என்று இருந்ததே, அது பந்தலில் உட்கார்ந்தவர்கள் வாங்கியது. அப்பா மைக்கில் கேட்டதும் அதுதான்.

எல்லோருக்கும் கிடைக்கவில்லை. பாதிப் பேருக்குமேல் வெளியூர் போனார்கள். தங்கம்மாளின் மகன் திருப்பூரில் இருக்கிறான். தங்கம்மாள் இன்றுவரை அம்மாவிடம் பேசுவதில்லை. பொங்கலன்று அம்மா ஒரு தூக்கில் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தனுப்புவாள். தூக்கு கழுவித் திரும்பி வரும், உள்ளே ஒன்றும் இருக்காது. "வாங்கிக்கிட்டாளே, அது போதும்" என்பாள் அம்மா. ஆனால் அன்று முழுவதும் அவள் முகம் சரியாக இருக்காது.

குழாயை இடித்த நாளில் ஊரே வாய்க்கால் பாலத்தில் நின்று பார்த்தது. அது ஒரு பக்கமாகச் சாய்ந்து, மடங்கி, தூசியாகக் கீழே போனது. பையன்கள் விசில் அடித்தார்கள். அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அழுதாள். அனீஸா, "அக்கா, இதுக்குத்தானே ஒக்காந்தோம்" என்று தோளைப் பிடித்தாள். "தெரியுதுடி. அதுல வந்த சம்பளத்துலதான் எம் புள்ளைங்களப் படிக்க வச்சேன்" என்றாள் அம்மா. அப்பா பாலத்தின் கைப்பிடிச் சுவரைத் தடவிக்கொண்டிருந்தார்.

இப்போது அப்பா அந்த நிலத்தில் சோலார் தகடுகளைக் கழுவுகிறார், ஒயர் பார்க்கிறார். "பேச்சுத் துணைக்கு ஒரு சத்தங்கூட இல்லாத வேலை" என்று குறைப்பட்டுக்கொள்வார். இருமல் குறைந்திருக்கிறது, போகவில்லை. அம்மா அதே ஒன்றரை ஏக்கரில் சம்பா போடுகிறாள். வாய்க்காலை ஒட்டிய மூலையில் பயிர் இன்னும் குட்டையாகத்தான் நிற்கிறது. ஒவ்வொரு வருஷமும் அங்கே எரு அடித்துப் பார்க்கிறாள். அனீஸா மகனோடு மன்னார்குடிக்குப் போய்விட்டாள், அங்கே கடை நன்றாக நடக்கிறதாம். பந்தல் இருந்த இடத்தில் இப்போது எதுவும் இல்லை. புல் முளைத்திருக்கிறது.

நான் தஞ்சாவூரில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அம்மா போன் செய்வாள். போன வாரம் பேசிக்கொண்டிருக்கும்போது திடீரென்று, "அந்த நாளு நல்லா இருந்துச்சுடி" என்றாள்.

"எதும்மா? சாம்பலா?"

"போடி இவளே. சாம்பலையா சொல்றேன்? அத்தன பேரு ஒண்ணா ஒக்காந்திருந்தோமே, அதச் சொல்றேன். காலையில எழுந்தா போறதுக்கு ஒரு எடம் இருந்துச்சு. ஒங்க அப்பாகூட சண்ட போட ஒரு காரணம் இருந்துச்சு."

"இப்ப சண்டையே இல்லையா?"

"இப்ப எதுக்குடி? டிவி ரிமோட்டுக்குப் போடுறோம். அது ஒரு சண்டையா?"

பின்னாலிருந்து அப்பாவின் குரல் கேட்டது, என்னவென்று புரியவில்லை. அம்மா போனை வாயிலிருந்து நகர்த்தி, "நெசமாவா? எவ்வளவு வருது?" என்று கேட்டாள். பிறகு என்னிடம், "வாய்க்கால்ல தண்ணி வந்துருச்சாம். மடையத் தெறக்கணும். நீ சாப்பிட்டுட்டுத் தூங்கு, அப்பறம் பேசுறேன்" என்று சொல்லிவிட்டு, நான் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டாள்.